கைவிடாமை என்னும் அறம்

மகாபாரதத்தின் 17-ஆவது பர்வமாகிய மகாபிரஸ்தானிக பர்வத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நம்மில் பலரும் சிறுவயது முதல் கேட்டறிந்தது. அரசைத் துறந்து வடதிசை நோக்கிப் புறப்பட்ட பாண்டவர் ஐவரையும் திரௌபதியையும் ஒரு நாய் பின்தொடர்ந்து செல்கிறது. வழியில் திரௌபதி, சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என ஒருவர் பின் ஒருவராக வீழ்கின்றனர். இறுதியில் எஞ்சி நிற்பவர்கள் யுதிஷ்டிரரும் அந்த நாயும் மட்டுமே. அப்போது இந்திரன் தேருடன் வந்து யுதிஷ்டிரரை விண்ணுலகுக்கு அழைக்கிறான். நாயை மட்டும் விட்டுவிட்டு வருமாறு கூறுகிறான். யுதிஷ்டிரர் மறுக்கிறார்.

“மனைவியையும் தம்பியரையும் வழியில் விட்டு வந்த நீ, இந்த நாயை மட்டும் ஏன் விட மறுக்கிறாய்?” என்ற பொருளில் இந்திரன் வினவுகிறான். அதற்கு யுதிஷ்டிரர் கூறும் விடை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இறந்தவர்களை உயிர்ப்பிக்கத் தமக்கு ஆற்றல் இல்லை. ஆதலால் அவர்களை விட்டு வர நேர்ந்தது. உயிரோடிருந்தபோது எவரையும் தாம் கைவிடவில்லை என்கிறார். அண்டி வந்த ஓர் உயிரைக் கைவிடுவது, அடைக்கலம் புகுந்தவரை அச்சுறுத்தி விரட்டுவது, நண்பனுக்குத் துரோகம் இழைப்பது போன்ற பெரும் பாவங்களுக்கு நிகரானது என்றும் உரைக்கிறார். அதன் பின்னரே அந்த நாய் தன் உருவை நீத்துத் தருமதேவதையாகக் காட்சி தருகிறது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த நாய் தருமதேவதை என்பது யுதிஷ்டிரருக்கு அப்போது தெரியாது. அது அழகானது என்றோ, தமக்குப் பயன்படுவது என்றோ அவர் வாதிடவும் இல்லை. ‘என்னை நம்பி வந்தது, இன்னும் உயிரோடிருக்கிறது’ என்னும் ஒரே காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாடெங்கும் இன்று பல தொண்டர்கள் ஆதரவற்ற நாய்களை மீட்டு, அவற்றுக்கு இல்லம் தேடித்தரும் பணியில் ஈடுபட்டுள்ளனர். அத்தொண்டின் உட்பொருளை அறிய இந்நிகழ்ச்சியே நமக்கு வழிகாட்டி.

யார் இந்த ஆதரவற்றவை?

2019-ஆம் ஆண்டு நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் தெருநாய்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 கோடியே 53 லட்சம். இவை எல்லாம் ஒரே வகையினவல்ல. தொண்டில் இறங்குமுன் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதல் வகை, தெருவிலேயே பிறந்து, தெருவிலேயே வளர்ந்தவை. தமக்குரிய எல்லை, உணவு கிடைக்கும் இடம், படுக்கும் மூலை ஆகிய அனைத்தையும் இவை அறிந்திருக்கும். நாய்க்குட்டி பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரை மனிதரோடு பழகினால்தான் அச்சமின்றி நம்முடன் வாழக் கற்றுக்கொள்கிறது. அக்காலத்தில் மனிதத் தொடர்பின்றி வளர்ந்த ஒரு தெருநாயைத் திடீரென நான்கு சுவர்களுக்குள் அடைத்தால் அது பெருந்துன்பம் அடையும். இத்தகைய நாய்க்கு வீட்டைவிடக் கருத்தடையும் தடுப்பூசியும் அப்பகுதி மக்களின் பொறுமையுமே தேவை.

இரண்டாம் வகை, தெருவில் வாழ இயலாதவை. தாயை இழந்த குட்டிகள், விபத்தில் கால் இழந்தவை, பார்வை இழந்தவை, முதுமையடைந்தவை ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாம் வகை, ஒரு காலத்தில் வீட்டில் வளர்ந்து பின்னர் கைவிடப்பட்டவை. இவற்றின் நிலையே மிகவும் பரிதாபத்திற்குரியது. வீட்டு நாய்க்கு உணவு தேடத் தெரியாது. வாகனங்களுக்கு விலகத் தெரியாது. அது புகும் தெருவில் ஏற்கெனவே உள்ள நாய்கள் அதனை விரட்டிக் கடிக்கும். தன்னை இறக்கிவிட்டுச் சென்ற வாகனம் திரும்பி வரும் என்று அதே இடத்தில் நாள்கணக்கில் காத்திருக்கும் நாய்களை மீட்புப் பணியில் ஈடுபட்டோர் பலரும் கண்டிருக்கிறார்கள்.

வீடுமாற்றம், குழந்தைப் பிறப்பு, வாடகை வீட்டு உரிமையாளரின் மறுப்பு, மருத்துவச் செலவு, முதுமை, ‘இவ்வளவு பெரிதாக வளரும் என்று எண்ணவில்லை’ என்னும் ஏமாற்றம் ஆகியவையே கைவிடுவோர் வழக்கமாகக் கூறும் காரணங்கள். இவற்றுள் பெரும்பாலானவை குட்டியை வாங்கிய நாளிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவை. பனி நிலத்துக்குரிய அடர்ந்த ரோமம் கொண்ட வெளிநாட்டு இனங்களை நம் நாட்டு வெப்பத்தில் வளர்க்க முற்பட்டு, இயலாமல் விட்டுவிடுவோரும் உள்ளனர்.

கைவிடுதல் அறத்திற்கு மட்டுமன்றிச் சட்டத்திற்கும் புறம்பானது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசி தாகத்தால் துன்புறும் நிலையில் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. இச்சட்டம் உருவாகக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவர், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே பின்னர் அரசின் சட்டமாக வடிவெடுத்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

தொண்டின் படிகள்

நாய் மீட்பு என்றதும், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு நாயைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் காட்சியே நம் மனத்தில் எழுகிறது. உண்மையில் அது முதற்படி மட்டுமே. அதன்பின் ஏறவேண்டிய படிகள் பல உள்ளன.

முதற்படி மீட்பு. வலியில் இருக்கும் நாய் அன்புடன் அணுகுபவரையும் கடிக்கும். ஆதலால் கனத்த துணி அல்லது போர்வை, வாய்க்கட்டு ஆகியவற்றுடன், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு அணுகுதல் வேண்டும். நிறைய எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, காரணமின்றித் தாக்குதல் அல்லது தள்ளாடுதல் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால் அதனைத் தொடாமல் உள்ளாட்சி நிர்வாகத்திற்கும் விலங்குநல அமைப்பிற்கும் தெரிவிக்க வேண்டும். இப்பணியில் ஈடுபடுவோர் அனைவரும் வெறிநோய்க்கான தடுப்பூசியை முன்னரே போட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

இரண்டாம் படி, தனிமைப்படுத்தலும் மருத்துவமும். மீட்கப்பட்ட நாயை மற்ற நாய்களுடன் உடனே சேர்த்துவிடலாகாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோயும், டிஸ்டெம்பர் நோயும் ஒரு நாயிடமிருந்து மற்ற நாய்களுக்கு விரைந்து பரவும். ஆகவே இரண்டு வார காலமேனும் தனியே வைத்துக் கவனிப்பது நல்லது. உண்ணி, சொறி, குடற்புழு, புழு வைத்த புண் ஆகியவற்றுக்கு இக்காலத்தில் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி சிகிச்சை அளிக்கப்படும். தாயற்ற இளங்குட்டிகளுக்குப் பசும்பாலை அப்படியே கொடுத்தால் கழிச்சல் ஏற்படக்கூடும். அவற்றுக்கென உள்ள பால்மாவே ஏற்றது.

மூன்றாம் படி, தடுப்பூசியும் கருத்தடையும். பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்களே. ஒருமுறைக்கு ஐந்தாறு குட்டிகள் பிறப்பதும் இயல்பு. கருத்தடை செய்யாமல் ஒரு நாய்க்கு இல்லம் தேடித்தருவது, நாளை மேலும் பல குட்டிகளைத் தெருவுக்கு அனுப்புவதாகவே முடியும்.

நான்காம் படி, தற்காலிக இல்லம். காப்பகங்களில் இடம் எப்போதும் குறைவு. எனவே தொண்டர் குடும்பம் ஒன்று சில வாரங்களோ மாதங்களோ அந்த நாயைத் தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறது. அது குழந்தைகளுடன் எவ்வாறு பழகுகிறது, தனியே இருக்குமா, எதற்கு அஞ்சுகிறது என்பன அப்போதுதான் தெரியவரும். நிரந்தரமாக வளர்க்க வசதியில்லாதவர்களும் ஆற்றக்கூடிய அரிய தொண்டு இது. வளர்த்த நாயை உரியவரிடம் ஒப்படைக்கும் நாளில் கண்கள் கலங்கத்தான் செய்யும். பற்றின்றி அன்பு செலுத்துதல் என்று நாம் நூல்களில் படிப்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி அரிது.

ஐந்தாம் படி, தகுந்த இல்லம் காணுதல். கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுதல் தொண்டாகாது. குடும்பத்தினர் அனைவரும் உடன்படுகின்றனரா? வீட்டு உரிமையாளரின் சம்மதம் உண்டா? வெளியூர் செல்லும்போது யார் கவனிப்பர்? மாடியில் பாதுகாப்புக் கம்பிகள் உள்ளனவா? நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைக்கும் எண்ணம் உள்ளதா? இவற்றை நேரில் சென்று கண்டறிந்த பின்னரே ஒப்படைக்க வேண்டும். பொறுப்பான அமைப்புகள் எழுத்து வடிவில் ஓர் உறுதிமொழியும் பெறுகின்றன. அதன் முக்கியமான வாசகம், ‘எக்காரணத்தாலாவது வளர்க்க இயலாமற்போனால் வேறெங்கும் விடாமல் எங்களிடமே திருப்பித் தரவேண்டும்’ என்பது. ‘நாங்களும் இதைக் கைவிடமாட்டோம்’ என்று தொண்டர்கள் அளிக்கும் வாக்குறுதியும் அதனுள் அடங்கியுள்ளது.

ஆறாம் படி, பின்தொடர்தல். புதிய இல்லத்துக்கு வந்த நாய் முதல் 3 நாட்கள் அஞ்சி ஒடுங்கியிருக்கும். 3 வாரங்களில் வீட்டின் ஒழுங்கைக் கற்கத் தொடங்கும். 3 மாதங்களில் அது தன் வீடே என்று உணரும் என்பது தொண்டர்கள் வழக்கமாகக் கூறும் கணக்கு. ஒவ்வொரு நாய்க்கும் இது சற்று மாறுபடலாம். திருப்பி அனுப்பப்படும் நாய்கள் பல முதல் சில வாரங்களிலேயே திரும்பி வருகின்றன. அக்காலத்தில் தொலைபேசியில் கேட்கும் ஒரு கனிவான விசாரிப்பு, ஒரு நாயின் வாழ்நாளைக் காத்துவிடக்கூடும்.

அச்சத்தையும் மதித்தல்

நாய்களிடம் அன்புடையோர் மறந்துவிடக் கூடாத மற்றொரு பக்கம் உண்டு. வெறிநோய் தாக்கி அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதர்க்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்க்கடியால் வருவதே. 2022–23-இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் இறப்பதாகக் கணக்கிட்டது. இறப்போரில் குழந்தைகளும் ஏழைகளும் மிகுதி. பள்ளி செல்லும் மகளின் கையைப் பற்றிக்கொண்டு தெருமுனையில் தயங்கி நிற்கும் ஒரு தாயின் அச்சம் கருணையின்மை ஆகாது. அவளுடைய குழந்தைக்கும் பாதுகாப்பளிக்காத நாய்த்தொண்டு நிறைவான தொண்டு ஆகாது.

கடிபட்டால் உடனே காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பூசித் தவணைகளைத் தவறாமல் முடிக்க வேண்டும். ஆழ்ந்த காயமாயின் அதனுடன் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு போன்றவற்றைப் பூசலாகாது.

அச்சத்தைப் போக்கும் வழி யாது? நீண்ட காலம் நம் நகரங்கள் பின்பற்றிய வழி, நாய்களைப் பிடித்துக் கொல்லுதல். அதனால் எண்ணிக்கை நிலையாகக் குறையவில்லை. குப்பையும் எச்சில் உணவும் உள்ள இடத்தில் ஒரு நாய் அகற்றப்பட்டால் வேறொரு நாய் வந்து அவ்விடத்தை நிரப்பும். வந்தது தடுப்பூசி போடாததாகவும் இருக்கும். 1959-இல் சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய இந்திய புளூ கிராஸ் அமைப்பு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே பகுதியில் விடுவதே தீர்வு என்று 1960-களிலேயே வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்றது 1996-இல்தான். ஏறத்தாழ முப்பதாண்டுப் பொறுமை அது. 2001-இல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வெளியிடப்பட்டன.

ஜெய்ப்பூரில் ஹெல்ப் இன் சஃபரிங் என்னும் அமைப்பு 1994 முதல் 2002 வரை ஆற்றிய பணி இதற்குச் சான்று. அப்பகுதிப் பெண் நாய்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டிற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன. தெருநாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. பணி நடந்த பகுதியில் மனிதர்க்கு வெறிநோய் ஏற்படுவது இல்லாமலே போயிற்று. நாயிடம் காட்டிய கருணை அந்நகரத்துக் குழந்தைகளையும் காத்தது.

அண்மைக் காலத்தில் இப்பொருள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்ததை அன்பர்கள் அறிவீர்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையில் நீதிமன்றம், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடிக்கப்பட்ட நாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே பகுதியில் விடுமாறு கூறியது. அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்றது. விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம். ஆனால் அவை மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்றும் தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகங்களுக்கு மாற்ற ஆணையிட்டது. இத்தகைய சூழலில் இல்லம் தேடித்தரும் தொண்டின் தேவை முன்னிலும் பெருகியுள்ளது.

தொண்டர் தம்மை நோக்குதல்

எத்தொண்டிலும் அகங்காரம் நுழையும் வாயில் ஒன்று உண்டு. ‘நான் இல்லாவிட்டால் இவற்றுக்கு யார்?’ என்னும் எண்ணமே அவ்வாயில். ஒன்றிரண்டு நாய்களை நன்கு பராமரித்த ஒருவர், மறுக்க மனமின்றி ஒவ்வொன்றாகச் சேர்த்து, முப்பது நாற்பது நாய்களைச் சிறிய இடத்தில் அடைத்துவிடுகிறார். உணவு போதவில்லை, நோய் பரவுகிறது, அண்டை வீட்டார் பகையாகின்றனர், அவரது உடல்நலமும் சேமிப்பும் கரைகின்றன. தெருவில் பட்ட துன்பம் வீட்டினுள் இடம் மாறியதன்றி, நாய்களுக்கு வேறு பயன் விளையவில்லை. தன் எல்லையை அறிந்து, ‘இப்போது என்னால் இயலாது, வேறொருவரை நாடுவோம்’ என்று கூறுவதும் கருணையின் பகுதியே. 1979 முதல் தில்லியில் இயங்கிவரும் ஃப்ரெண்டிகோஸ், பெங்களூரில் 1991-இல் தொடங்கிய கூபா, உதய்ப்பூரில் 2002-இல் தொடங்கிய அனிமல் எய்டு அன்லிமிடெட் போன்ற அமைப்புகள் நிலைத்து நிற்பது, பலர் சுமையைப் பகிர்ந்துகொள்வதால்தான்.

மீட்ட நாய்களுள் சில சிகிச்சை பயனின்றி இறக்கவும் செய்யும். அப்போது தொண்டரை ஆட்கொள்ளும் துயரத்திற்கும் யுதிஷ்டிரரின் விடையிலேயே ஆறுதல் உள்ளது. இறப்பைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. உயிரோடிருந்த வரை கைவிடவில்லை என்பதே நமக்கு உரியது.

நாம் செய்யத்தக்கவை

நாயை வளர்க்க விழைவோர் விலைக்கு வாங்குமுன் அருகிலுள்ள காப்பகத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கலாம். நம் நாட்டு நாய் இங்குள்ள தட்பவெப்பத்துக்கு இயைந்தது. அறிவும் நன்றியும் மிக்கது. ஆனால் அது 10 முதல் 15 ஆண்டுகள் வாழும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்று ஆறு வயதுள்ள மகன் விரும்பிக் கேட்கும் குட்டி, அவன் கல்லூரிக்குச் செல்லும்போது முதுமையடைந்து, கண் மங்கி, வீட்டிலேயே சிறுநீர் கழிக்கும் நிலையில் இருக்கும். அந்நாளிலும் அதற்கு உணவும் இடமும் உண்டு என்று இன்றே உறுதி கொள்ள இயலுமாயின் அழைத்து வரலாம். இயலாவிடில் வேண்டாம் என்பதே நேர்மை.

வளர்க்க இயலாதோர்க்கும் பணிகள் உள்ளன. வாரம் ஒருமுறை காப்பகத்தில் தூய்மைப் பணி செய்யலாம். ஒரு நாயின் கருத்தடைச் செலவை ஏற்கலாம். தெருவில் குப்பை சேராமல் காக்கலாம். உறங்கும் நாயையும் குட்டியோடிருக்கும் தாய் நாயையும் சீண்டலாகாது என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம். உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் கடமை என 1976-இல் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவின் வாயிலாக நம் அரசமைப்புச் சட்டமும் கூறுகிறது.

சிந்தனைக்கும் பயிற்சிக்கும்

1. இரக்கத்தால் தொடங்கி, பின் பாதியில் விட்ட செயல் ஏதேனும் என் வாழ்வில் உண்டா? அதனால் துன்புற்றவர் யார்?

2. என் தெருவில் உள்ள நாய்களுள் எத்தனைக்குக் கருத்தடை செய்யப்பட்டுள்ளது? காதின் ஓரத்தில் உள்ள வெட்டுக்குறியே அதற்கு அடையாளம். இவ்வாரம் கவனித்து, குறியில்லாதவற்றை உள்ளாட்சி அலுவலகத்துக்கோ விலங்குநல அமைப்புக்கோ தெரிவிப்பேன்.

3. என் அண்டை வீட்டில் நாய்க்கு அஞ்சுவோர் உளரா? அவர்களது அச்சத்தைக் கேலி செய்யாமல் பொறுமையுடன் கேட்டிருக்கிறேனா?

4. என்னை நம்பியிருக்கும் உயிர்கள் எவை? முதுமையுற்ற பெற்றோர், வீட்டுப் பணியாளர், வளர்ப்பு விலங்கு என ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்த்து, அவர்களுள் ஒருவருக்கேனும் நான் செய்யத் தவறிய கடமையை இன்று செய்வேன்.